முதல் கேலக்ஸிகளைக் கணினியில் வளர்ப்பது எப்படி?

பெருவெடிப்பு நடந்து 30 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில் கிளம்பிய ஒளியை ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்திருக்கிறது. ஒளியை அனுப்பிய கேலக்ஸிக்கு ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்று பெயர். இது 2024-இல் அறிவிக்கப்பட்டபோது வானியலாளர்களை வியக்கவைத்தது அதன் பிரகாசம். அவ்வளவு சீக்கிரம் இத்தனை விண்மீன்கள் எப்படிப் பிறந்தன?

இந்தக் கேலக்ஸியின் தொலைவை அறிய உதவுவது ஹைட்ரஜன். 121.6 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீள ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுவதால், நிறமாலை அங்கே சட்டென்று அறுபடும். பிரபஞ்சம் விரிந்ததில் அந்த எல்லை சுமார் 15 மடங்கு நீண்டு, புற ஊதாவிலிருந்து அகச்சிவப்புக்கு நகர்ந்துவிட்டது. வெப் அகச்சிவப்பில் பார்ப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு கேலக்ஸி வளர்வதை உட்கார்ந்து பார்க்க மனித ஆயுள் போதாது. எனவே கணினியில் வளர்க்கிறார்கள். பிளாங்க் விண்கலம் அளந்த, பெருவெடிப்பின் எச்சமான ஆதி ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்றத்தாழ்வுகள் உண்டு. கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சற்றே அடர்ந்த இடத்தில் கரும்பொருள் திரள்கிறது. அதன் ஈர்ப்பில் வாயு விழுந்து, குளிர்ந்து, விண்மீன்களாகிறது. பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாவாக வெடித்து, மிச்ச வாயுவை வெளியே தள்ளுகின்றன. பிறப்பு விகிதம் குறைகிறது.

ஈர்ப்பைக் கணக்கிடுவது ஒப்பீட்டளவில் எளிது. ஒவ்வொரு விண்மீனின் பிறப்பையும் தொடர்வது சூப்பர்கம்ப்யூட்டருக்கும் மிகக் கடினமான வேலை. ஆகவே, எவ்வளவு வாயு விண்மீனாகும், வெடிப்பு எவ்வளவு வாயுவை விரட்டும் என்பதற்குத் தோராய விதிகளை வகுக்கிறார்கள். பல கணினி மாதிரிகளில் அவ்விதிகள் நமக்கு அருகிலுள்ள கேலக்ஸிகளோடு பொருந்தும்படி அமைக்கப்பட்டவை. ஆதிகாலத்தில் எத்தனை பிரகாசமான கேலக்ஸிகள் இருக்கும் என்று அவை சொன்னதைவிட அதிகமாகவே வெப் கண்டது.

விளக்கங்கள் பல. விண்மீன்கள் சீராகப் பிறக்காமல் விட்டுவிட்டுக் கொத்தாகப் பிறந்திருந்தால், அந்த வேளைகளில் சிறு கேலக்ஸியும் பளிச்சிடும். இதை ஃபயர் என்னும் மாதிரி காட்டியது. முதல் சூப்பர்நோவா வெடிப்புக்கு முன்பே பெருமளவு வாயு விண்மீனாகியிருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. ஒளியை மறைக்கும் தூசி குறைவாக இருந்திருக்கலாம் என்பாரும் உண்டு.

2025-இல் சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி அதே கேலக்ஸியில் ஆக்சிஜனைக் கண்டது. ஆக்சிஜன் பெரிய விண்மீன்களுக்குள் உருவாவது. அப்படியானால் அங்கே ஒரு தலைமுறை அதற்குள் பிறந்து மடிந்திருக்க வேண்டும். இனி எந்த மாதிரியும் பிரகாசத்தோடு ஆக்சிஜனுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

மாதிரிகளுக்கும் வெப் கண்டதற்கும் இடையிலான இந்த முரண்பாட்டால் பெருவெடிப்புக் கொள்கை வீழ்ந்துவிடவில்லை. திருத்தம் வேண்டியது விண்மீன் பிறப்பின் விதிகளுக்கே. எண்களை முன்கூட்டியே துணிந்து சொன்ன மாதிரிகள் இருந்ததால்தான், நம் அறிவில் எந்த இடத்தில் ஓட்டை என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது.