பழைய ஆர்மோனியம்: வாங்குமுன் பார்க்க வேண்டியது

ஆர்மோனியத்தின் ஒலி பிறக்குமிடம் பித்தளை ரீடு. ஒரு முனை இறுக்கப்பட்டு மறுமுனை விடப்பட்ட மெல்லிய நாக்கு அது. துருத்தியின் காற்று பாயும்போது நாக்கு அதன் பிளவுக்குள் அதிர்ந்து, காற்றை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வெட்டிவிடுகிறது. நாக்கு நீண்டால் சுரம் தாழும், குறுகினால் ஏறும்.

கன்சர்டினா, அகார்டியன் இரண்டும் இதே குடும்பம். லண்டனில் வீட்ஸ்டன் கன்சர்டினாவுக்கு வழிவகுத்த காப்புரிமையைப் பெற்றதும், வியன்னாவில் டெமியன் அகார்டியனுக்குப் பெற்றதும் 1829-இல்தான். பாரிஸில் 1840-களில் டெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது. அதைத் தரையில் அமர்ந்து வாசிக்கும் கைத்துருத்திப் பெட்டியாக்கியவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். கமகம் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்தது. ஆனால் மலாக்காவின் ரப்பர் தோட்டத்துப் பஜனைக்கு அது ஒரு குறையே அல்ல.

மலாக்காவில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டது 1896-இல். அதன்பின் பெருகிய ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழர்கள் வந்தார்கள். கோயில் பஜனையும் நாடகமும் உடன் வந்தன, இவற்றுக்குப் பக்கத்துணை ஆர்மோனியம். ஜாசின், அலோர் காஜா பக்கம் பழைய பெட்டி கைமாறும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது பாலிஷ். அதுதான் ஏமாற்றும். இங்குள்ள ஈரக்காற்றில் மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும். துருத்தியின் தோல் கெடும். ரீடில் பச்சைக் களிம்பு படரும். அதையே குளிரூட்டிய அறைக்குக் கொண்டுபோனால் பலகை சுருங்கி விரிசல் விடும்.

சோதிப்பது எளிது. காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்டாப்பர்களை எல்லாம் மூடித் துருத்தியை நிரப்பி, கையை எடுக்க வேண்டும். உள்துருத்தி மெல்லத் தணிந்தால் நல்லது. சட்டென விழுந்தால் எங்கோ காற்று கசிகிறது. பிறகு ஸ்டாப்பரைத் திறந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்க்கலாம். ஊமையான சுரத்துக்குப் பெரும்பாலும் பிளவில் சிக்கிய தூசியே காரணம். மெல்லிய தாளை நாக்கின் அடியில் நுழைத்து இழுத்தால் வந்துவிடும்.

சுருதி விலகியிருந்தால் வேலை நுட்பமானது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் எடை குறைந்து சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் விறைப்பு குறைந்து இறங்கும். ஒரே சுரத்துக்கு இரு ரீடுகள் உள்ள பெட்டியில் ஒன்று 440, மற்றது 442 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இருமுறை ஒலி ஏறி இறங்கும். அந்த அலை அடங்கும்வரை சுரண்ட வேண்டும். சுரண்டிய பித்தளை திரும்பி வராது என்பதால் அனுபவமில்லாத கை அரத்தைத் தொடாமலிருப்பதே மேல்.

நாக்கு முறிந்தால் ஒட்டவைக்க முடியாது, ரீடையே மாற்ற வேண்டும். குஜராத்தின் பாலிதானா ரீடுகளுக்குப் பேர்போன ஊர். ஆனால் புது ரீடின் குரல் பழைய வரிசையில் தனித்துத் தெரியும். பழுது பார்க்க முடியாத பழைய பெட்டிக்கும் ஒரு விலை இருப்பது அதன் ரீடுகளுக்காகவே.