போர் முடிந்த பிறகு - 7: முதலில் நம்பியவர்

சென்ற வாரம், முதல் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சிகிச்சை அளித்த டாக்டர் ரிவர்ஸைப் பார்த்தோம். இந்த வாரம் அரை நூற்றாண்டு தாண்டி அமெரிக்காவுக்குப் போகிறோம்.

பாஸ்டனில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனையில் சாரா ஹேலி சமூகப் பணியாளராகச் சேர்ந்தது 1969-இல். படிப்பை முடித்த கையோடு வந்தவர். அவரிடம் வந்த முதல் நோயாளி, வியட்நாமிலிருந்து திரும்பிய ஓர் இளைஞர். ஒரே பதற்றம். மை லாய் என்ற ஊரில் தன் படைப்பிரிவினர் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள், தான் சுடவில்லை, வெளியே சொன்னால் தீர்த்துக்கட்டிவிடுவோம் என்று கூட இருந்தவர்களே மிரட்டினார்கள், இப்போது தன்னைத் தேடி வருகிறார்கள் என்றார்.

மருத்துவர்கள் கூடிப் பேசியபோது, மனச்சிதைவு நோய், எல்லாம் பிரமை என்று ஒருமனதாக முடிவானது. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாமே என்று ஹேலி கேட்டார். சிரித்தார்கள். ஹேலியின் தந்தை இரண்டாம் உலகப் போரில் உளவுப் பணியில் இருந்தவர். போரில் என்னவெல்லாம் நடக்கும் என்பதை வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அந்த இளைஞரின் பேச்சு பிதற்றலாகப் படவில்லை. அந்த நவம்பரில் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் எழுதிய செய்தி வெளியாகி உலகத்தையே உலுக்கியது. 1968 மார்ச் 16 அன்று மை லாயில் நிராயுதபாணிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டது உண்மைதான்.

அந்த மருத்துவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனநோய்களை வகைப்படுத்த அவர்கள் கையில் இருந்த கையேடு அப்படி. 1952-இல் வந்த முதல் பதிப்பில் போர் போன்ற பேரதிர்ச்சியால் வரும் மனப் பாதிப்புக்குத் தனி இடம் இருந்தது. 1968-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அதுவும் எப்போது? ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் வியட்நாமில் இருந்த ஆண்டில்! விளைவு, தூக்கமின்றி, சத்தம் கேட்டாலே துள்ளி எழுந்து, குடியில் விழுந்து வந்தவர்களுக்குக் கையில் கிடைத்த பெயரை ஒட்டி அனுப்பினார்கள். போரால் வந்த நோய் என்று எழுதப்படாவிட்டால் உதவித்தொகை கேட்டுப் போராடுவதும் கடினம்.

வழி பிறந்தது வீரர்களிடமிருந்துதான். 1970-இன் இறுதியில், போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் நியூயார்க்கில் தங்கள் சங்க அலுவலகத்திலேயே வாராவாரம் கூடி மனம்விட்டுப் பேசத் தொடங்கினார்கள். மனநல மருத்துவர்களான ராபர்ட் ஜே லிஃப்டனும் ஹைம் ஷாட்டனும் கூப்பிட்ட குரலுக்கு வந்தார்கள், கட்டணம் வாங்காமல். பேச்சு மணிக்கணக்கில் நீளும். மருத்துவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார முடியாது. 'நீங்கள் இங்கே ஏன் வந்தீர்கள்?' என்ற கேள்வி அவர்களையும் துளைக்கும். இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் தொட்ட இடம் இது. செய்ததையும் கண்டதையும் சொல்லும் ஒருவனை அருவருக்காமல், அவசரமாக ஆறுதல் சொல்லி அடக்காமல் கேட்கப் பக்கத்தில் இன்னொரு வீரன் இருந்தான்.

ஷாட்டன், லிஃப்டன், ஹேலி ஆகியோரும் வீரர்களும் சேர்ந்து பல ஆண்டுகள் வாதாடியதில், 1980-இல் வந்த கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) இடம்பெற்றது. அதற்கு ஓராண்டு முன்பே, 1979-இல், முன்னாள் வீரர்களுக்கான அரசு ஆலோசனை மையங்களான 'வெட் சென்டர்'கள் வந்துவிட்டன. மருத்துவமனை வளாகத்துக்கு வெளியே, கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த அறைகள். வரவேற்று உட்கார வைப்பவரே பெரும்பாலும் போருக்குப் போய் வந்தவர். அங்கே பேசியது, உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, வீரரின் சம்மதமின்றி வேறெங்கும் போகாது. இன்று நாடு முழுக்க சுமார் 300 மையங்கள்; குடும்பத்தினரும் போகலாம்.

குடும்பத்தினர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கெட்ட கனவில் அலறுபவரைத் தொட்டு உலுக்கி எழுப்பக் கூடாது. அரைத்தூக்கத்தில் எதிரி என்று நினைத்துக் கை ஓங்கிவிடலாம். கட்டிலின் கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு' என்ற வார்த்தையால் எந்தப் பயனும் இல்லை. எதையெல்லாம் பேசத் தயார் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று, 'போரில் இருந்தவர் வசிக்கும் வீடு, பட்டாசு வெடிக்கும்போது கொஞ்சம் பரிவு காட்டுங்கள்' என்ற அறிவிப்புப் பலகையைச் சில வீட்டு வாசல்களில் காணலாம். பட்டாசே கூடாது என்று அவர்கள் கேட்கவில்லை. எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும், உடம்பு தயாராகிவிடும்.

சிகிச்சையும் இருக்கிறது, பலருக்குப் பலிக்கிறது. அஞ்சி ஒதுக்கிய நினைவைப் பயிற்சி பெற்றவரின் துணையோடு திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் பிடியைத் தளர்த்தும் முறைகள் அவற்றில் முக்கியமானவை. ஆனால் நோய் எளிதில் விட்டுவிடுவதில்லை. 1980-களில் அமெரிக்க அரசுக்காக நடந்த ஆய்வு, வியட்நாம் போர்முனைக்குப் போன ஆண்களில் 100-க்கு 15 பேர் அப்போதும் பி.டி.எஸ்.டி.யோடு இருப்பதாகக் கணக்கிட்டது. போர் முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஹேலி பணியாற்றிய அதே பாஸ்டனில், 1970-களில், நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்த பெண்களிடம் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செவிலியர் ஆன் பர்கஸ், மற்றவர் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராம். அந்தப் பெண்கள் எந்தப் போருக்கும் போனவர்கள் இல்லை; பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்கள் சொன்ன கெட்ட கனவுகளும் திடுக்கிடல்களும் வீரர்கள் சொன்னவற்றோடு எப்படி ஒத்துப்போயின என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)