அடுத்தவர் சுவரில் நம் பணம்



சென்ற வைகாசியில் ஒரு நாள், மாலைச் செபம் முடிந்து அறைக்குத் திரும்பியபோது, திருச்செங்கோட்டில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தும் சகோதரி ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். அவருடைய கடையை நாம் அறிவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை; நாற்காலி இரண்டு, கண்ணாடி இரண்டு, வேலைக்கு இரு பெண்கள். மணப்பெண் ஒருத்தியை அலங்கரிக்க அழைத்து வந்துவிட்டால், உடன் வந்த அத்தையும் சித்தியும் வீதியில் வெயிலில் நிற்க வேண்டியதுதான். ஒன்பது ஆண்டுகள் இவ்வாறு ஓட்டியவர் இப்போது பெரிய இடம் பார்த்துவிட்டார். அவர் கேட்க வந்தது நம் யோசனையை அன்று, மந்திரிப்புக்குத் தேதியை.

"பத்திரம் எழுதியாயிற்றா அம்மா?" என்று கேட்டோம்.

"ஓனர் ரொம்ப நல்ல மனுசருங்க சாமி. பேச்சு மாற மாட்டாருங்க. வேலையை ஆரம்பிச்சுக்கோ, பத்திரம் மெல்ல எழுதிக்கலாம்னு சொல்லிட்டாருங்க" என்றார். மறுநாள் நகைகளை அடகு வைக்க வங்கிக்குச் செல்வதாகவும் ஏற்பாடாம்.

தேதி குறிக்காமல், இடத்தைப் பார்க்கச் சென்றோம்.

அது முன்னாளில் விசைத்தறிக் கூடம். திருச்செங்கோட்டுப் பக்கம் தறி நின்றுபோன கூடங்கள் இன்று எத்தனையோ வேறு தொழிலுக்கு வாடகைக்குப் போகின்றன. விசாலமான இடம், சாலையை ஒட்டிய வாசல். அவர் மயங்கியதில் வியப்பில்லை. ஆனால் தறிகளை இறுக்கியிருந்த போல்ட்டுத் துளைகள் தரையெங்கும் கிடந்தன. பல ஆண்டு எண்ணெய் குடித்துக் கறுத்த அந்தத் தரையின்மேல் அப்படியே டைல்ஸ் ஒட்டினால் நிற்காது. கொத்திப் பெயர்த்துப் புதுத்தளம் இட வேண்டும் என்றார் நாம் அழைத்துச் சென்ற மேஸ்திரி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதைத் துளைப்பதும் அறுப்பதும் ஆகாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. தனிச் சட்டம் கட்டிக் கீழே வேறு உள்கூரை அமைக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பார்த்தபோது சிக்கல் இன்னும் பெரிதாயிற்று. விசைத்தறி இணைப்புக்கென்று தனிக் கட்டணம் உண்டு. 2023 முதல் இரு மாதங்களுக்கு 1000 யூனிட் வரை இலவசம். அந்த இணைப்பில் அழகு நிலையம் நடத்துவது குற்றம். வணிக இணைப்பாக மாற்றியாக வேண்டும், அதற்கு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். வெந்நீர்க் கருவி ஒன்றே 2000 வாட் இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியும் முடி உலர்த்தும் கருவிகளும் சேர்ந்து ஓடினால் பழைய கம்பி என்னாகும்? ஈரக் கையோடு வேலை செய்யும் இடத்தில் எர்த் சரியில்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். நாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்ட ரிக் வண்டிகளை அனுப்பும் ஊர் இது. ஆயினும் அக்கூடத்துக் கிணற்று நீரில் ஷாம்பு நுரைக்கவில்லை! தலை அலச நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி வேண்டும்; கழிவு நீர் செல்லும் வழியில் முடியைப் பிடிக்கும் சல்லடையும் வேண்டும். இல்லையேல் மூன்றாம் மாதமே குழாய் அடைத்துக்கொள்ளும்.

சகோதரியின் திட்டத்தில் இவை எதுவுமே இல்லை. சுவர் முழுதும் கண்ணாடி, சாய்வு இருக்கை, வண்ண விளக்கு, இவற்றுக்கே பணம் ஒதுக்கியிருந்தார். குறை கூறுவதற்கில்லை, வருவோர் கண்ணில் படுபவை அவைதாமே.

இவ்வளவையும் செய்து முடித்தபின் அந்தத் தளமும் உள்கூரையும் யாருடையவை? நாம் கேட்ட கேள்வி இது ஒன்றே. உரிமையாளர் பேச்சு மாறாதவர் என்பதை நாமும் நம்புகிறோம். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, பிள்ளைகள் மூவர். பேச்சுக் கொடுத்தவர் அவர், பிள்ளைகள் அல்லர். பிறர் அனுபவத்தைக் கொண்டு நாம் இதைச் சொல்லவில்லை. முன்பு பணியாற்றிய ஊரில், வாடகைக் கட்டடம் ஒன்றில் குழந்தைகளுக்காகச் சமையலறையும் கழிப்பறையும் பங்கு மக்களின் காசில் கட்டினோம். வாய்ச்சொல்லே பத்திரம். மறு ஆண்டே இடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. ஒரு செங்கல்லையும் பெயர்த்துவர முடியவில்லை. பங்குப் பேரவையில் கணக்கு வாசித்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நாம் மறக்கவில்லை.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் குத்தகைக்காரருக்கு ஓர் உரிமை தருகிறது. இடத்தைக் கையில் வைத்திருக்கும்வரை, தாம் பொருத்தியவற்றை அவர் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் இடத்தைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் கண்ணாடியும் அவ்வாறு கழன்று வரும். தளம் வருமா? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பதாலேயே நம்மவர் பதினொரு மாதத் தாளோடு நிறுத்திக்கொள்கின்றனர். வெறும் மேசை நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு அது போதலாம். தரையைப் பெயர்க்கிறவருக்குப் போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லையேல், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்றும் அதில் உண்டு.

அமெரிக்காவில் மேடம் வாக்கர் என்றொரு கறுப்பினப் பெண்மணி இருந்தார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867-இல் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்து, பின்னர் கூந்தல் தைலம் விற்று உயர்ந்தவர். 1913-இல் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பழைய வீடொன்றை வாங்கி, பக்கத்து வீட்டையும் சேர்த்து, வெர்ட்னர் டாண்டி என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞரைக் கொண்டு முகப்பையே மாற்றிக் கட்டி, கீழே அழகு நிலையமும் மேலே குடியிருப்புமாக அமைத்தார். அவ்வளவு செலவழிக்க அவர் துணிந்தது, இடம் அவருடையதாக இருந்ததால். வாங்க வசதியற்ற நம்மவருக்குப் பதிவு செய்த ஆண்டுகளே சொந்தம்.

இதைப் படிக்கும் சிலர், அழகு நிலையத்துக்குப் பங்குக் குரு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நினைக்கக்கூடும். முடிதிருத்தும் தொழிலை ஒரு சமூகத்தார் தலையில் கட்டி, அவர்களைத் தாழ்வாக நடத்திய ஊர்களே நம் ஊர்கள். 1962-இல் திருச்சபை புனிதராக உயர்த்திய மார்ட்டின் தெ போரஸ் இளமையில் முடிதிருத்துவோரிடம் தொழில் கற்றவர் என்பதை நினைவூட்டி, மேலே செல்கிறோம்.

ஆனி மாதம் முழுவதும் பேச்சு வார்த்தையில் கழிந்தது. உரிமையாளர் கோபிப்பார் என்று சகோதரி அஞ்சினார். அவரோ மூத்த மகனையும் உடன் அழைத்துக்கொண்டே வந்தார். ஐந்தாண்டுக் குத்தகை, பதிவுடன். வேலை நடக்கும் இரு மாதங்களுக்கு வாடகை இல்லை. தளமும் கூரையும் கட்டடத்தோடு நிற்கும். இடையில் அவர் காலி செய்யச் சொன்னால், மீதி ஆண்டுகளுக்கு ஏற்ப அச்செலவைத் திருப்பித் தருவார். நகைகளில் பாதி பெட்டியிலேயே தங்கிவிட்டது. எஞ்சிய தொகைக்கு, பிணை கேட்காத முத்ரா கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

வேலை ஆடியில் தொடங்கியது. ஆடியில் எதையும் தொடங்கலாகாது என்று தச்சர் முனகினார். கலியாணம் இல்லாத மாதம், கடையில் கூட்டம் இராது, வேலையாட்களும் கிடைப்பார்கள் என்று சகோதரிதாம் அவரைச் சம்மதிக்க வைத்தார். பழைய கடையை ஆவணி முடியும்வரை விடவில்லை. ஆகவே அந்த இரு பெண்களுக்கும் ஒரு வாரச் சம்பளமும் தவறவில்லை. கண்ணாடிச் சுவர் இரண்டு கண்ணாடிகளாகக் குறைந்தது; சாய்வு இருக்கை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று.

மந்திரிப்புக்குத் தேதி குறித்துவிட்டோம். எர்த் குழிக்குக் கரியும் உப்பும் இட்டு மூடும் வேலை மட்டும் பாக்கி இருக்கிறது.