பாழடைந்த கோயில் எது?

முதுகில் பெருமூட்டையும் கையில் தண்ணீர்க் குப்பியுமாக மேல்நாட்டுத் தம்பதிகள் திருச்சிராப்பள்ளி வீதிகளில் நடந்து செல்வதை நமது நேயர்கள் கண்டிருப்பார்கள். இவர்கள் தனவந்தர்கள் அல்லர். சிறுகச் சேர்த்த தொகையைக் கொண்டு மாதக்கணக்கில் தேச சஞ்சாரம் செய்யப் புறப்பட்ட வாலிபர்கள். ஒன்றாம் நம்பர் டவுன் பஸ்ஸில் ஏறினால் மலைக்கோட்டை வழியாக ஸ்ரீரங்கம் வரையில் அற்பச் செலவில் போய்ச் சேரலாமென்பது உள்ளூர்வாசிகளைப் போலவே இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ராணி மங்கம்மாள் இவ்வூரிலிருந்து ஆண்ட காலத்தில் ஏழை வழிப்போக்கருக்குச் சத்திரங்கள் இருந்தன. இன்று சத்திரம் என்பது ஒரு பஸ் நிலையத்தின் பெயர். ஆகவே இவர்கள் சிறிய லாட்ஜுகளில் தங்குகிறார்கள்.

மலைக்கோட்டைப் படிகளில் இத்தகைய தம்பதி ஒருவரோடு அண்மையில் நாம் பேச நேர்ந்தது. புராதனமான பாழடைந்த கோயில்களைக் காண வந்ததாகவும், மறுநாள் ஸ்ரீரங்கம் செல்லப் போவதாகவும் கூறினர். பாழ் என்ற அச்சொல் நமக்குச் சுருக்கென்றது.

ஸ்ரீரங்கமா பாழ்? ஏழு பிராகாரங்கள், இருபத்தொரு கோபுரங்கள், 156 ஏக்கர் பரப்பு. வெளிப் பிராகாரங்களில் ஜனங்கள் குடியிருந்து வியாபாரம் செய்கிறார்கள். அதைப் பாழாக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1311-ல் மாலிக் காபூர் வந்தான். 1323-ல் டில்லிப் படை மறுபடியும் வந்தபொழுது, அழகிய மணவாளரை எடுத்துக்கொண்டு பக்தர்கள் ஊர் ஊராய் அலைந்தனர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1371-ல், விஜயநகரத்துக் கோபணாரியர் பெருமாளைத் திரும்ப எழுந்தருளச் செய்தார். பின்னர் பிரெஞ்சுக்காரர் இக்கோயிலையே கோட்டையாக்கிப் பீரங்கி வைத்தனர். அவர்களுடைய தளபதி லா என்பவன் 1752-ல் ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும் இத்தீவிலேதான். மொட்டையாய் நின்ற ராயகோபுரம் 1987-ல் 236 அடி உயர்ந்து நிறைவெய்தியது. 2017-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இக்கோயிலின் புனருத்தாரணத்திற்குப் பரிசளித்தது. இவற்றையெல்லாம் நாம் அத்தம்பதியிடம் சற்று உஷ்ணமாகவே எடுத்துச் சொன்னோம்.

பொறுமையுடன் கேட்ட அப்பெண்மணி ஒரு கேள்வி கேட்டாள். உச்சிப்பிள்ளையாரிடம் ஏறும் வழியை ஒட்டிய மேல்குகையில், கங்காதர மூர்த்தியின் இரு பக்கத்துத் தூண்களிலும் எழுத்துக்கள் இருக்கின்றனவே, அவை என்ன சொல்லுகின்றன என்று வழியில் நால்வரை வினவினாளாம். எவருக்கும் தெரியவில்லையாம்.

அக்குகை முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் குடைவித்தது. எழுத்து வடமொழிச் சுலோகங்கள். அவற்றின் கருத்து வெகு ரஸமானது. நதிகளிடம் பிரியமுள்ள சிவபெருமான் காவேரியின் அழகைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று பார்வதி அஞ்சினாளாம். பிறந்தகத்தை விட்டு இம்மலையிலேயே வந்து தங்கி, இந்நதி பல்லவ மன்னனுக்கு உரியவள் என்று சொல்லிக் கொண்டிருக்கிறாளாம். வேற்றுச் சமயத்திலிருந்து திரும்பிச் சிவலிங்கத்தை வணங்கத் தொடங்கிய அரசன் என்ற குறிப்பும் அங்கேயே உண்டு. அப்பர் காலத்துச் சமய சரித்திரத்திற்கு இதைவிடப் பெறுமதியுள்ள கல் யாது? இதைப் படித்து 1890-ல் அச்சிட்டவர் ஹூல்ட்ஷ் என்னும் ஜெர்மானியப் பண்டிதர். அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் கீழ்க்குகை ஒன்றும் இருக்கிறது. அதற்கு வீடுகளின் நடுவே வழி கேட்டுத்தான் போகவேண்டும்.

ஸ்ரீரங்கத்தைப் பாழ் என்றது அத்தம்பதியின் பிழையே. ஆயின் இக்குகையைப் பற்றி அச்சொல்லை நம்மால் மறுக்க முடியவில்லை. கல்லில் எழுத்து இன்னும் இருக்கிறது என்றாலும், தினந்தோறும் ஆயிரம்பேர் அதன் வாயிலைக் கடந்து திரும்பிப் பாராமல் ஏறுகிறார்கள். தமிழின் தொன்மையை மேடைதோறும் முழங்கும் நமது நண்பர்களும் அவர்களுள் அடக்கம்.

கட்சி மாநாட்டுக்கு எழுப்பும் வரவேற்பு வளைவு ஒன்றின் செலவில் சிறு பங்கே போதும். தொல்பொருள் இலாகாவின் அனுமதி பெற்று, அச்சுலோகங்களின் கருத்தைத் தமிழில் ஒரு கற்பலகையில் பொறித்துக் குகை வாயிலருகே நிறுத்தலாம். நகரத்து உயர்தரப் பாடசாலைகள் தங்கள் மாணவர்களை வருஷத்திற்கு ஒரு நாளேனும் அங்கே அழைத்துச் செல்லலாம். வைகுண்ட ஏகாதசிக்காகப் பெருங்கூட்டம் இவ்வூரில் வந்திறங்கும் முன்பே பலகை நிற்குமாயின் பெரிதும் நன்று.