ஒரே துலாக்கோல்

அரசியல் காரணத்தால் ஓர் உயிர் பறிக்கப்படும்போது, அச்செயலுக்கு நாம் இடும் பெயரே பாதித் தீர்ப்பாகி விடுகிறது. ஒரு சாரார் ‘கொலை’ என்பதை மறு சாரார் ‘தியாகம்’ என்பர். ஒருவர் ‘அட்டூழியம்’ என்பதை மற்றவர் ‘கடமை’ என்பர். இதற்குப் புனா நகரின் வரலாறு தக்க சான்றாகும்.

1897-ஆம் ஆண்டில் அந்நகரைப் பிளேக் நோய் வாட்டியது. தடுப்புக் குழுவின் தலைவராக வால்டர் சார்லஸ் ராண்ட் என்னும் ஆங்கில அதிகாரி அமர்த்தப் பெற்றார். வெள்ளைச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனையிட்டனர். அடுக்களையும் பூசையறையும்கூடத் தப்பவில்லை. பெண்டிர் அவமதிக்கப்படுகின்றனர் என்று மக்கள் குமுறினர்.

ஜூன் 22-ஆம் நாள் இரவு, விக்டோரியா அரசியாரின் வைரவிழாக் கொண்டாட்டத்திலிருந்து கணேஷ்கிண்ட் சாலை வழியே திரும்பிய ராண்டைத் தாமோதர் சாப்பேகர் சுட்டார். மற்றொரு வண்டியில் வந்த லெப்டினன்ட் ஏயர்ஸ்டைத் தம்பி பாலகிருஷ்ணர் சுட்டார். ஏயர்ஸ்ட் உடனே மாண்டார். ராண்ட் ஜூலை 3-இல் இறந்தார். பின்னர்த் தாமோதர் 1898-இலும், பாலகிருஷ்ணரும் இளவல் வாசுதேவரும் 1899-இலும் தூக்கிலிடப்பட்டனர்.

ஆங்கிலேயர் நடத்திய ஏடுகள் இதனை வெறியரின் கொடுஞ்செயல் என்றன. திலகரின் ‘கேசரி’ இதழே தூண்டுகோல் எனச் சாடின. கொலையில் திலகருக்குப் பங்கு உண்டென மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், அவ்விதழில் வெளிவந்த எழுத்துகளுக்காக அவருக்கு இராசத்துரோகக் குற்றத்தின்பேரில் 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

இனி, 1919 ஏப்ரல் 13-ஆம் நாளைக் கருதுவோம். அமிருதசரசில் ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயர் 1,650 குண்டுகள் சுடச் செய்தார். அரசின் கணக்கின்படியே 379 பேர் மடிந்தனர். அரசு அவரைக் கண்டித்துப் பதவியினின்று விலக்கியது உண்மை. வழக்கு மன்றத்தில் நிறுத்தவில்லை. பிரபுக்கள் சபையோ 1920-இல் அவருக்குச் சார்பாக வாக்களித்தது. ‘மார்னிங் போஸ்ட்’ என்னும் இலண்டன் நாளேடு அவருக்கென 26,000 பவுனுக்கு மேல் நிதி திரட்டியது. இரு உயிர்களுக்காகக் கொதித்த ஆட்சியாளரின் நாட்டிலே, நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்தவருக்குப் பொற்கிழி!

இவ்வளவும் பிறர் குறை. நம் குறையையும் எண்ணுதல் வேண்டும். சாப்பேகர் சகோதரரைப் போற்றி நாம் சிலை எழுப்பியுள்ளோம். 2018-இல் தாமோதருக்கு அஞ்சல்தலையும் வெளியிட்டோம். ஆனால் நம் கதைகளில் ஏயர்ஸ்ட் பெரும்பாலும் ஒரு வரியோடு மறைந்து விடுகிறார். மக்கள் குமுறல் ராண்டின்மீது எழுந்தது. உடன் வந்தவரும் ஏன் மாள வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. துப்புக் கொடுத்தமைக்காக 1899-இல் சுட்டுக் கொல்லப்பட்ட திராவிட் சகோதரர் துரோகிகள் என்ற ஒரே சொல்லில் அடங்கி விடுகின்றனர்.

அடக்குமுறையும் அதற்கு எதிரான சீற்றமும் ஒன்றே என நாம் கூறவில்லை. ஆளுவோன் கையில் படையும் சட்டமும் உண்டு. ஆளப்படுவோனுக்கு முறையிடும் வழியும் அன்று குறைவு. அவ்வேற்றுமையை நிறுத்துப் பார்த்தல் நீதியே. ஆயின் மாண்டவர் யார், அவர் செய்த பிழை யாது என்னும் வினாக்களை இரு பக்கத்திலும் கேட்டாக வேண்டும். நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலையே உவமையாக்கினார். நமக்கு வேண்டியவருக்கு ஒரு கோலும் வேண்டாதவருக்கு வேறொரு கோலும் வைத்திருப்போமாயின், எவர் செய்த அநீதியையும் பழிக்கும் தகுதி நமக்கு இல்லாது போகும்.