யோகாவுக்கு எந்தப் பாய்?

போன ஐப்பசியில் எருக்குழியைப் பிரித்தபோது மக்கிய எருவுக்குள் நீல நிறத்தில் தூள் தூளாய் ஏதோ கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தால், நான் டவுனில் வாங்கிய யோகா பாய்! இடுப்பு வலிக்கு ஆசனம் செய்யுங்கன்னு சொன்னாங்களேன்னு வாங்கியது. திண்ணையில் வெயில் பட்டுப் பட்டு ரெண்டே வருஷத்தில் உதிர ஆரம்பித்து, கூட்டிய குப்பையோடு குழிக்குப் போயிருக்கிறது. பூச்சிக்கொல்லி படாமல் பார்த்துப் பார்த்து வைத்த நிலத்துக்கு என் கையாலேயே பிளாஸ்டிக்கைக் கொண்டுபோக இருந்தேன். எருவை முழுக்கச் சல்லடையில் சலிக்க வேண்டியதாகிவிட்டது.

விலை குறைவாகக் கிடைக்கும் யோகா பாய்கள் பலவும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். அது மக்காது. எரித்தால் டையாக்சின் போன்ற நஞ்சு புகையில் கலக்கும்.

நமக்குக் கோரைப்பாய் இருக்கே! காவிரிக்கரையில் கரூர், முசிறிப் பக்கம் கோரை ஒரு பயிர். ஒருமுறை நட்டால் மறுதாம்பு விட்டுப் பல ஆண்டுகள் அறுக்கலாம். பாய்க்குப் பேர்போன நெல்லை மாவட்டத்துப் பத்தமடைதான், யோகாவைப் பரப்பிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். ஆசனத்துக்கு அங்கே நெய்யும் மெல்லிய பட்டுப்பாய் தேவையில்லை. சாதாரணப் படுக்கைப் பாயே போதும்.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

நூல்: கோரையைக் கோக்கும் பாவு நூல் இப்போது பல பாய்களில் நைலான். ஓரத்து நூலில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசம் வந்து சாம்பலாகும். நைலான் என்றால் உருகி மணியாய் இறுகும்.

நெசவு: வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி அதிகம் தெரிந்தால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

சாயம்: ஈரமான வெள்ளைத்துணியால் தேயுங்கள். நிறம் ஒட்டினால் சாயம் போடாத பாயே மேல்.

நீளம்: படுத்தால் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் ஒரு சாண் மிச்சம் இருக்கட்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வழவழப்பான சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் கோரைப்பாய் வழுக்கும். அடியில் ஜமுக்காளம் விரித்தால் ஓரளவு பிடிக்கும். நின்று செய்யும் ஆசனங்களை மட்டும் பாயை விட்டு இறங்கி வெறுந்தரையில் செய்வதே நல்லது. முட்டி வலி உள்ளவர்கள் பழைய வேட்டியை நாலாக மடித்து முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு சுலபம். ஆசனம் முடிந்ததும் உதறி, வியர்வை காயும்வரை காற்றாட விடுங்கள். அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஊறப்போடக் கூடாது. வாரம் ஒருமுறை காலை வெயிலில் காட்டுங்கள். நாள் முழுக்கக் காய்ந்தால் கோரை மொடமொடத்து முறியும். மடிக்காமல் சுருட்டுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, காற்றோட்டமான இடத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் கரையான் ஏறும்.

எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒருநாள் நைந்துபோகும். அப்போது துண்டு துண்டாய் வெட்டி வாழைக்கு மூடாக்காகப் போட்டுவிடலாம். பருத்தி நூலும் சேர்ந்தே மக்கும். நைலான் நூல் என்றால் ஒன்றுவிடாமல் உருவிவிட்டுத்தான் போட வேண்டும். இதற்காகத்தான் வாங்கும்போதே நூலைக் கொளுத்திப் பார்க்கச் சொன்னேன்.

மிச்சமிருந்த நீலப் பாயைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.