கடலுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்!

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியதும் வருவது திருவிடந்தை. வராகப் பெருமாள் நாளுக்கு ஒருவராக 360 கன்னியரை இங்கே மணந்தார் என்பது தல வரலாறு. அதனால் சுவாமிக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்று பெயர். கல்யாணம் கூடிவர வேண்டி, மாலையும் கையுமாக இங்கே வருவோர் ஏராளம்.

இந்தப் பகுதியில் இன்னோர் அதிசயமும் உண்டு. கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய்; அதிலும் உப்புத் தண்ணீர்தான். நடுவில் இருப்பது வெறும் மணல். ஆனால் இந்தக் கடலோர மணலுக்கு அடியில் இருப்பதோ நல்ல தண்ணீர்! அது எப்படி?

மிதக்கும் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை மணல் உறிஞ்சிக்கொள்கிறது. உப்புத் தண்ணீர் கனமானது. மழைத் தண்ணீர் லேசானது. ஆகவே, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மழைத் தண்ணீர் மிதந்து நிற்கிறது.

கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி உயரம் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

ஆபத்தும் இந்தக் கணக்கிலேதான் இருக்கிறது. மோட்டார் வைத்து ஓயாமல் இறைத்து, மேலே 1 அடி குறைந்துவிட்டால் என்ன ஆகும்? நாளடைவில் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் 40 அடி ஏறி வந்துவிடும்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் எடுத்தார்கள். பூமிக்கு அடியில் கடல் தண்ணீர் பல கிலோ மீட்டர் தூரம் உள்ளே புகுந்துவிட்டது. ஒருமுறை உப்பான நிலத்தடி நீரைத் திருத்துவது லேசான காரியம் அல்ல.

ஆறு பேர் காத்த ஏரி

கடலோரத்தில் மணல் செய்யும் வேலையை, உள்நாட்டில் ஏரிகள் செய்கின்றன. செங்கற்பட்டுச் சீமை ஏரிகளுக்குப் பேர்போனது. ஓர் ஏரி நிரம்பினால், கலிங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும்.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த உத்திரமேரூரில், ஏரியைக் கவனிக்கவே 6 பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. குடவோலை முறையில் அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடம் கிடையாது! பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் இதைச் சொல்கின்றன.

மேட்டில் தொடங்க வேண்டும்

ஏரியைத் தூர் வாரினால் மட்டும் போதாது. மேட்டில் மரமும் புல்லும் இல்லையென்றால், ஒரே மழையில் மேல்மண் கரைந்து ஓடிவரும். நிலம் சத்தை இழக்கும்; ஏரி மறுபடி தூர்ந்துபோகும். ஒரே மழையால் இரண்டு நஷ்டம்!

ஆகவே, வேலையை மேட்டில் தொடங்க வேண்டும். அங்கே மரம். சரிவுக்குக் குறுக்கே வரப்பு. ஓடையில் கல் தடுப்பு. பள்ளத்தில் ஏரி. இப்படிச் செய்தால் தண்ணீர் வேகம் தணிந்து மண்ணில் இறங்கும்.

வீட்டிலும் வேலை உண்டு. 2003-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியில் விழும் மழை தெருவுக்கு ஓடுகிறதா, தொட்டி வழியாக மண்ணுக்குள் போகிறதா என்று மழைக்கு முன்பே பார்த்து, அடைப்பை எடுத்துவிடுவது நல்லது.

மணலுக்குள் இறங்கும் ஒவ்வொரு குடம் மழையும் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. நாளை நம் பிள்ளைகள் இறைக்கும் தண்ணீர் இனிப்பதும் கரிப்பதும் இன்று நம் கையில்தான் இருக்கிறது.